ஏழாவது சுவரிலிருந்து முதல் சுவர் வரை

திங்கட்கிழமை முதல் என் நாற்காலியில் உங்கள் இருவரில் ஒருவர் உட்காரப் போகிறீர்கள். யார் என்பதை நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஜன்னலோரம் என்பதால் அங்கிருந்து மலை தெரியும். மதியத்துக்கு மேல் முகத்தில் வெயிலும் அடிக்கும். இரண்டையும் சொல்லிவிட்டேன்.

இப்படி ஒரு கடிதத்தை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுத வேண்டும். எனக்கு முப்பத்து மூன்று வயது. ஓய்வு பெறவில்லை, விலகுகிறேன். ஒன்பது வருடம் ஒரே வேலையைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு பொறுப்பை ஒப்படைக்கக் கூடாது என்று நம் மேலாளர் சொன்னார். "உனக்குத்தான் லிஸ்ட் போடறதுன்னா சாப்பாடே வேணாமே. புதுசா வர்றவங்களுக்கு ஒரு பத்து பாயிண்ட் போட்டுக் குடுத்துட்டுப் போம்மா." போட்டுப் பார்த்தேன். பத்தில் ஏழு, ஒரே ஒரு விளம்பரத்தில் நான் கற்றவை. மீதி மூன்றும் எந்த மின்விசிறி ஓடாது என்பது போன்ற விஷயங்கள். அதனால் பட்டியலைக் கிழித்துவிட்டு, நடந்ததை எழுதுகிறேன். அதிலிருந்து என்ன கற்றேன் என்று நீங்கள் கேட்டால் எனக்கு இன்னும் தெளிவாகத் தெரியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் வேலை என்ன என்று என் சொந்தக்காரர்கள் இன்னமும் கேட்கிறார்கள். உங்களையும் கேட்பார்கள். சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து ஒரு கம்பெனி விளம்பரம் தயாரிக்கிறது. அதை நம் பக்கத்து மாவட்டங்களில் வெளியிடும் முன் நமக்கு அனுப்புகிறது. இது இங்கே எடுபடுமா, எங்கே இடிக்கும், யார் மனசைப் புண்படுத்தும் என்று பார்த்து அறிக்கை எழுதுகிறோம். அறிக்கையின் கடைசியில் இரண்டு கட்டங்கள் இருக்கும்: வெளியிடலாம், வெளியிட வேண்டாம். ஒன்றில் டிக் போட்டால் வேலை முடிந்தது.

நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ். ஒரு சர்க்யூட் வேலை செய்யவில்லை என்றால் எங்கிருந்து எங்கே மின்சாரம் போகவில்லை என்று வரிசையாகச் சோதித்துக்கொண்டே வர வேண்டும். நடுவில் எதையும் தாண்டக் கூடாது. அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தேன். அலமாரியில் நீல அட்டையில் இருக்கிறதே, நாற்பத்தொரு வரிச் சோதனைப் பட்டியல், அது நான் போட்டது. ஒவ்வொரு வரியும் யாரோ செய்த ஒரு தப்பிலிருந்து வந்தது. பதினேழாவது வரியைப் பாருங்கள்: ‘கிரிவலக் காட்சி இருந்தால், நடப்பவருக்கு வலப்பக்கம் மலை இருக்கிறதா?’ ஒரு வேட்டிக் கம்பெனி தன் விளம்பரப் படத்தில் ஒரு குடும்பத்தையே மலை இடப்பக்கம் இருக்கும்படி நடக்க விட்டிருந்தது. எடுத்தவருக்குத் தெரியவில்லை. நான் ஒரே பார்வையில் கண்டுபிடித்து, படத்தை நிறுத்தி, மேலாளரிடம் பாராட்டு வாங்கி, அன்றைக்கே அதை ஒரு வரியாகச் சேர்த்தேன். அந்த வரியை எழுதியது நான்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சத்தில் தேவைப்படும்.

அப்போது எனக்கு இது ஆறாவது வருடம். மூட்டு வலிக்குத் தடவும் ஒரு களிம்புக் கம்பெனியிலிருந்து ஒரு யோசனை வந்தது. பௌர்ணமிக்குப் பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலோடு மலையைச் சுற்றி வருகிறவர்களுக்கு வழியெல்லாம் ஏழு படங்கள். ஒரு சொல் கூடக் கிடையாது. பச்சைப் புடவை கட்டிய, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. முதல் படத்தில் ரோட்டோரம் முட்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவதில் மகள் தோளைப் பிடித்து எழ முயல்கிறார். மூன்றாவதில் களிம்பு தடவுகிறார். அப்புறம் ஓரடி, அப்புறம் துணையில்லாத நடை, அப்புறம் வேகம். ஏழாவதில் சிரித்துக்கொண்டே கூட்டத்துக்கு முன்னால் போகிறார். மூலையில் பெரிய டியூப்.

நாற்பத்தொரு வரிகளும் தேறின. ‘எழுத்து தேவையில்லாத கதை, வலியில் தொடங்கி நம்பிக்கையில் முடிகிறது, நடப்பவரோடு கூடவே நடக்கிறது’ என்று அறிக்கையில் எழுதினேன். எனக்கே பிடித்திருந்தது. வெளியிடலாம், டிக்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். சென்னையிலிருந்து அவர்களுடைய மார்க்கெட்டிங் தலைவர் பேசினார். "நீங்க அந்த ரூட்லயே குடியிருக்கீங்கனு கேள்விப்பட்டேன். சுவர் எங்கெங்க கிடைக்கும்னு ஒரு லிஸ்ட் போட்டுத் தர முடியுமா?" லிஸ்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் சரி என்றேன். விளம்பரத்தைச் சோதிப்பவள் விளம்பரம் வைப்பவளாக மாறிய இடம் அதுதான். அதன் பிறகு என்னைச் சோதிக்க அங்கே யாரும் இல்லை.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில். மறுநாள் காலை நோட்டோடு ஸ்கூட்டரில் கிளம்பினேன். வழியில் இருந்த சுற்றுச்சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, சொந்தக்காரர்களிடம் கேட்டு, சம்மதித்தவர்களுடைய சுவர்களுக்கு நம்பர் போட்டேன். ஒன்றாம் சுவர், எங்கள் வீட்டிலிருந்து இருநூறு அடி தூரத்தில், செல்வி அக்காவின் பெட்டிக் கடைக்கு எதிரே. ஏழாம் சுவர், பாதை செங்கம் ரோட்டில் சேருவதற்குச் சற்று முன்னால், நம் அலுவலகத்துக்குப் பக்கம். ஏழு சுவர்கள், ஏழு போட்டோ, அகலம், உயரம், எந்த நேரத்தில் வெயில், பக்கத்தில் விளக்குக் கம்பம் இருக்கிறதா. அவ்வளவு சுத்தமான பட்டியலை நான் அதற்கு முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை.

நீங்கள் இந்த ஊர்க்காரர்கள், இந்நேரம் சிரித்திருப்பீர்கள். வெளியூரிலிருந்து யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: கிரிவலம் போகிறவர்கள் கோயிலிலிருந்து கிளம்பி, முதலில் ஏழாம் சுவர் இருக்கும் ரமணாசிரமம் பக்கம் வந்து, அங்கிருந்து வலப்பக்கம் திரும்பி, அப்புறம்தான் அடி அண்ணாமலைக்கு வருவார்கள். நான் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழி அதற்கு நேர் எதிர். ஊரே வலமாகச் சுற்றும் பாதையில் நான் வருடக் கணக்காக ஒவ்வொரு காலையும் இடமாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். சாயங்காலம் திரும்பும்போது வலமாகத்தான் வருவேன், உண்மைதான். ஆனால் அப்போது என் தலையில் பட்டியல் இருக்காது. ராத்திரிக்கு என்ன குழம்பு என்பது மட்டும்தான் இருக்கும்.

பதினேழாவது வரி படத்துக்குள் இருக்கும் மலையைப் பற்றியது. படம் ஒட்டும் வழியைப் பற்றி என் பட்டியலில் வரி இல்லை.

அந்தக் கம்பெனியின் உள்ளூர் ஆள் ரியாஸ். பெயரை மாற்றியிருக்கிறேன். இந்த ஊரில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம். தேரடிப் பக்கம் அப்பாவுக்குப் பாத்திரக் கடை. கடையில் உட்கார மாட்டேன் என்று அப்பாவிடம் சண்டை போட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். "போ, போ. ஆறு மாசம். அப்புறம் இதே ஸ்டூல்ல வந்து உக்காருவே" என்று அப்பா சொல்லியனுப்பினாராம். அந்த மாதத்தோடு சரியாக ஆறு மாதம். தகுதிகாண் காலம் முடிந்து, வேலை நிரந்தரமா இல்லையா என்பது அந்த மாதம் தெரிய வேண்டும்.

பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு படங்களை ஒட்டினார்கள். காலை பத்து மணிக்கு ரியாஸ் போன் செய்தார். நான் ஒரு பள்ளிக்கூட விளம்பரத்தின் நடுவில் இருந்தேன்.

"மேடம், லிஸ்ட்ல இருக்கற மாதிரியேதானே ஒட்டணும்?"

"லிஸ்ட்ல எப்படி இருக்கோ அப்படித்தான் ரியாஸ். ஒண்ணாம் சுவர்ல ஒண்ணாம் படம். அதுக்குத்தானே லிஸ்ட்."

"இல்ல மேடம், ஆசிரமம் பக்கத்துலேருந்து ஆரம்பிக்கலாமானு..."

"வேணாம். லிஸ்ட் படி போங்க."

"சரிங்க மேடம்."

பதினைந்து விநாடிகூட ஆகியிருக்காது. மாலையில் ஏழு போட்டோக்களை நம்பர் போட்டு அனுப்பினார். ஏழுக்கும் டிக் போட்டு, ‘எல்லாம் சரி’ என்று சென்னைக்கு அனுப்பினேன்.

பௌர்ணமியன்று எங்கள் பாதையில் வண்டி விட மாட்டார்கள். நான் விடுப்பு எடுத்திருந்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து நடக்க வந்த சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில் இறங்கி, காபி குடித்து, கால் நீட்டிவிட்டுப் போனார்கள். இருநூறு அடி நடந்துபோய் ஒன்றாம் சுவரைப் பார்த்திருக்கலாம். பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, சித்தி மகன் போனை நீட்டினான். யாரோ ஒரு பையன் நடந்துகொண்டே எடுத்த வீடியோ. பின்னணியில் அவன் குரல்: "பாருங்க ஜனங்களே, அம்மா ஜம்முனு கெளம்பிட்டாங்க. சூப்பர். இங்க வேகம் கம்மியாயிடுச்சு. சரி, மருந்து தடவுறாங்க. தடவியாச்சு. இப்ப பாருங்க, எழுந்துக்கவே முடியல! கடைசியா வாங்க, கடைசியா வாங்க... ரோட்டுல உக்காந்துட்டாங்க! இந்த மருந்த வாங்கிடாதீங்க அம்மா!" கூடவே நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம். 

நான் அந்த வீடியோவை மூன்று முறை பார்த்தேன். முதல் முறை, அந்தப் பையன் பாதையில் தப்பான திசையில் நடக்கிறான் என்றே நினைத்தேன். உண்மையாகவே அப்படி நினைத்தேன்.

அலுவலகத்துக்குப் போனபோது ரியாஸ் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். கையில் போன். சென்னையிலிருந்து வந்த மெயிலைக் காட்டினார். திட்டத்துக்கு மாறாகப் படங்களைத் தலைகீழ் வரிசையில் ஒட்டியது ஏன் என்று மாலைக்குள் விளக்கம் தர வேண்டும்.

"நான் லிஸ்ட் படிதான் மேடம் ஒட்டினேன்."

"தெரியும்."

"மார்க்கெட்டிங் சார் நம்ப மாட்டேங்கறாரு. 'லோக்கல் ஆளுதானே நீ, மலைய எந்தப் பக்கமா சுத்துவாங்கனு கூடவா தெரியாது'னு கேக்கறாரு. எங்க கடை வாசல்லதான் மேடம் அந்தக் கூட்டமே போவுது. பொறந்ததுலேருந்து பாக்கறேன். என்னனு சொல்லுவேன்?" போனைப் பையில் போட்டுக்கொண்டு, "எங்க அப்பா வேற அந்த வீடியோவ பாத்துட்டாரு. ஒண்ணும் சொல்லல. ஸ்டூல தொடைச்சி வெச்சாரு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நோட்டைத் திறந்தேன். சுவர் எண் ஒன்று: செல்வி அக்கா கடை எதிரே. என் கையெழுத்து.

உட்கார்ந்து மெயில் எழுதினேன். நான்கு வரிகள். சுவர்களுக்கு எண் போட்டது நான். நடப்பவர்களின் திசைக்கு எதிராகப் போட்டது நான். ரியாஸ் என் பட்டியலைப் பின்பற்றினார். பொறுப்பு என்னுடையது. மேலாளரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அனுப்பு. அந்தக் கம்பெனி நம்மகிட்ட இனிமே வராது. அனுப்பு" என்றார். மணி பதினொன்று. ரியாஸுக்கும் ஒரு நகல் போனது. அவர் எழுந்து நின்று, "ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்றார். தப்பு செய்தவளுக்கு நன்றி சொல்லும் அளவுக்குப் பயந்திருந்தார்.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு நல்ல பாடம். தப்பை ஒப்புக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

மதியம் செல்வி அக்கா போன் செய்தார். "ஏ சுகந்தி, அந்தக் களிம்புக்காரப் பையன் நம்பர் குடு. ரெண்டு பெட்டி வெச்சிட்டுப் போனான், ரெண்டும் காலி. இன்னும் கேக்கறாங்க."

எனக்குப் புரியவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா சோடா பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தார். எதிரே சுவரில் பச்சைப் புடவை அம்மா முட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இன்னாக்கா சொல்றீங்க? எல்லாரும் அதப் பாத்து சிரிச்சாங்களே?"

"சிரிச்சாங்க. சிரிச்சிட்டுத்தான் வாங்கினாங்க."

"ஏன்?"

"நீ ஒரு வாட்டியாச்சும் நடந்திருக்கியா? கெளம்பசொல்ல எல்லாம் நல்லாத்தான் இருப்பாங்க. இங்க வரசொல்லதான் கால் கழண்டுக்கும். எங்க கடைகிட்ட வந்துதான் உக்காருவாங்க. எதிர்ல பாத்தா அந்தம்மாவும் உக்காந்துக்குனு இருக்குது. 'இன்னாடி, என்ன மாதிரியே இருக்குது பாரு'னு ஒரு பொம்பள சொல்லிச்சு. உடனே ஒரு டியூப் குடுன்னா."

என் கைகள் நோட்டைத் திறந்துவிட்டன. முதல் காரணம் என்று எழுதினேன்: படத்தில் இருக்கும் வலியும் நடப்பவரின் வலியும் ஒரே இடத்தில் சந்தித்தன. அப்படியானால் நான் முதலில் பாராட்டிய சரியான வரிசை தப்பு. கால் நன்றாக இருக்கும் இடத்தில் வலியைக் காட்டி, கால் வலிக்கும் இடத்தில் சிரித்துக்கொண்டு ஓடுகிற ஒருத்தியைக் காட்டியிருக்கும்.

"அதான் காரணமாக்கா?"

"இன்னொண்ணு, வேற கடையில ஸ்டாக் இல்ல."

இரண்டாவது காரணம் என்று எழுதினேன்.

"அப்புறம் அந்த வீடியோவ பாத்துட்டு நாலு பசங்க வந்தானுங்க. டியூப கையில புடிச்சிக்குனு அந்தம்மா பக்கத்துல உக்காந்து போட்டோ எடுத்தானுங்க. அதுக்கு வாங்கினானுங்க." அக்கா என் நோட்டை எட்டிப் பார்த்தார். "எல்லாத்தையும் எழுதிக்கறியே, இதுல எது உண்மைனு எப்படி கண்டுபுடிப்ப?"

அந்தக் கேள்வியும் நோட்டில் இருக்கிறது.

மூன்று மணிக்கு ரியாஸின் போன். குரல் வேறு மாதிரி இருந்தது.

"மேடம், சென்னைக்கு விஷயம் போயிடுச்சு. ஊர்ல எல்லாக் கடைக்காரங்களும் ஸ்டாக் கேக்கறாங்களாம். சார் இப்பத்தான் பேசினாரு. 'ரியாஸ், நீ வேணும்னேதான் மாத்தி ஒட்டினியா? உண்மைய சொல்லு, நான் கோச்சுக்க மாட்டேன்'னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல மேடம். பேச்சு வரல. அவரே, 'ரொம்ப அடக்கமா இருக்கியேடா'னு சொல்லிட்டு வெச்சிட்டாரு."

போனை வைப்பார் என்று நினைத்தேன், அவர் வைக்கவில்லை.

"மேடம்... உங்க மெயில அவர் இன்னும் படிக்கல போல. அத வாபஸ் வாங்க முடியுமா?"

காலையில் அவரைக் காப்பாற்ற எழுதிய மெயில், நான்கு மணி நேரத்தில் அவரைக் கவிழ்க்கும் மெயிலாகிவிட்டது. அதில் ஒரு சொல்லும் மாறவில்லை.

"அனுப்பினது அனுப்பினதுதான் ரியாஸ்."

"சரிங்க மேடம்" என்றார். அதே ‘சரிங்க மேடம்’. மூன்று நாள் முன்பு கேட்டது. அப்போதுதான் எனக்கு அந்தப் பதினைந்து விநாடி ஞாபகம் வந்தது. ஆசிரமம் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாமா என்று இவர் கேட்டாரே. இந்த ஊரில் பிறந்த பையன், வரிசை தப்பாகப் போவதைப் பார்த்திருக்கிறான், தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறான். நான் பாதிப் பேச்சில் வெட்டிவிட்டேன்.

நான்கே முக்காலுக்கு மார்க்கெட்டிங் தலைவர் பேசினார்.

"உங்க மெயில் இப்பத்தான் பாத்தேன். நான் நாளைக்கு மேலிடத்துல இதப் பத்திப் பேசணும். எங்கிட்ட இப்ப ரெண்டு கதை இருக்கு. அந்தப் பையன் புத்திசாலித்தனமா மாத்தி ஒட்டினான்னு ஒண்ணு. நீங்க தப்பு பண்ணிட்டீங்கனு ஒண்ணு. எது?"

அவர் பேசப் பேச நோட்டில் மூன்று வரிகள் எழுதியிருந்தேன். ஒன்று, முதல் கதையே சரி என்று சொல்வது: ரியாஸ் தப்பிப்பார், அது பொய். இரண்டு, மெயிலில் உள்ளதை மட்டும் சொல்வது: உண்மை, ரியாஸ் வெறும் சொன்னதைச் செய்தவர் ஆவார், அப்படிப்பட்டவரை நிரந்தரம் ஆக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. மூன்றாவது வரியில் ‘ஆசிரமம் பக்கம்’ என்று மட்டும் எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன்.

"சார், வரிசை என் தப்புதான். ஆனா ஒட்டற அன்னைக்கே ரியாஸ் எனக்குப் போன் பண்ணி, ஆசிரமம் பக்கத்துலேருந்து ஆரம்பிக்கலாமானு கேட்டாரு. அதுதான் சரியான வரிசை. நான்தான் கேக்கல. அவர் கவனிச்சிருக்காரு, நான் கவனிக்கல. இத மெயில்ல எழுதாம விட்டுட்டேன்."

அவர் எதையோ எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"இருங்க. அப்ப அந்தப் பையன் சொன்னது சரி."

"ஆமாங்க சார்."

"அவன் சொன்ன மாதிரி ஒட்டியிருந்தா இந்த அளவுக்கு வித்திருக்காது."

"அப்படித்தான் தோணுது சார்."

"நீங்க பண்ணது தப்பு. அதனாலதான் வித்துச்சு."

"அதுவும் நிச்சயமாச் சொல்ல முடியாது சார். வேற கடையில ஸ்டாக் இல்லங்கறாங்க."

"அப்ப நான் யாரப் பாராட்டணும், யாரத் திட்டணும்?"

"தெரியல சார்."

இந்த வேலையில் அதுவரை நான் யாரிடமும் சொல்லாத சொல் அது. தெரியவில்லை என்று எழுத நம் அறிக்கையில் கட்டம் கிடையாது. அவர் போனை வைத்துவிட்டார். கோபமா குழப்பமா என்று குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

பத்து நாள் கழித்து ரியாஸுக்குக் கடிதம் வந்தது. வேலை நிரந்தரம். காரணமும் எழுதியிருந்தார்கள்: களத்தில் காட்டிய கூர்ந்த கவனத்துக்காக. நம்மிடமிருந்து அந்தக் கம்பெனி விலகவுமில்லை. நடந்ததைப் பற்றி ஓர் அறிக்கை எழுதித் தரச் சொன்னார்கள்.

அந்த அறிக்கைக்காக ஒருநாள் விடியற்காலையில் கோயிலிலிருந்து செருப்பில்லாமல் நடந்தேன், எல்லோரையும் போல வலமாக. ஏழாம் சுவரில் அம்மா சிரித்தபோது எனக்கும் கால் நன்றாக இருந்தது. நான்காம் சுவரில் குதிகாலில் ஏதோ குத்தியது. ஒன்றாம் சுவருக்கு வந்தபோது அக்கா கடையின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன், என் வீடு இருநூறு அடியில் இருந்தும். எதிரே அந்த அம்மா. நாங்கள் இருவரும் ஒரே மாதிரி முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தோம். நோட்டில் எழுதிய முதல் காரணம்தான் உண்மை என்று அந்த நிமிடம் சத்தியம் செய்திருப்பேன்.

அடுத்த பௌர்ணமிக்கு அந்தக் கம்பெனி, பயந்தோ என்னவோ, படங்களைச் சரியான வரிசைக்கு மாற்றி ஒட்டியது. ஒன்றாம் சுவரில் இப்போது அம்மா கூட்டத்துக்கு முன்னால் சிரித்துக்கொண்டு ஓடினார். மறுநாள் அக்காவிடம் போனேன்.

"எப்படிக்கா போச்சு?"

"காலி."

"இந்த வாட்டியும்?"

"ஆமா. கால் வலிக்குதுல்ல."

அறிக்கையில் இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டேன். மேலாளர், "ரெண்டுல ஒண்ணு போடும்மா, அனுப்பணும்" என்று மூன்று நாள் பின்னால் அலைந்தார். கடைசியில் அப்படியே அனுப்பினார். அதன் நகல் மூன்றாவது அலமாரியில் இருக்கிறது. யாராவது அதைப் பார்த்துவிட்டு, முடிக்க மறந்துவிட்டாள் என்று நினைக்க வேண்டாம்.

இவ்வளவு குழப்பத்திலும் ஒரே ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ரியாஸ் கவனித்தார், கேட்டார், நான் காது கொடுக்கவில்லை. மூன்று வருடமாக அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். புதிதாக வந்தவர்களுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம், நான் விலகுகிறேன் என்று கேள்விப்பட்டு ரியாஸ் பார்க்க வந்தார். இப்போது பக்கத்து மாவட்டத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். கீழே உள்ள காபிக் கடையில் உட்கார்ந்தோம். அன்றைக்கு அந்தப் போனில் அவரைப் பேசவிடாமல் வெட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். இத்தனை நாள் கேட்காமல் இருந்தது உறுத்திக்கொண்டிருந்தது.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மேடம், ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"நான் வரிசையப் பத்தி அன்னைக்கு யோசிக்கவே இல்ல."

"ஆசிரமம் பக்கத்துலேருந்து ஆரம்பிக்கலாமானு கேட்டீங்களே?"

"வண்டி அங்கதான் நின்னுச்சு மேடம். ஏணி, பசை, ஆளுங்க எல்லாம் அதுலதான். ஏழாம் சுவருக்குப் பக்கத்துலயே இருக்கோமே, அங்கேருந்து ஒட்டிக்கிட்டே வந்தா டீசல் மிச்சம்னு கேட்டேன். அப்பவும் ஏழாம் சுவர்ல ஏழாம் படத்தத்தான் ஒட்டியிருப்பேன்."

நான் தலைவரிடம் சொன்னது, அவர் கடிதத்தில் எழுதியது, ரியாஸின் வேலை, எல்லாம் ஒரு வண்டி நின்ற இடத்தின் மேல் நின்றுகொண்டிருக்கிறது.

"அப்பவே சொல்லியிருக்கலாமே ரியாஸ்."

"சொல்லலாம்னுதான் இருந்தேன் மேடம். லெட்டர் வந்த அன்னைக்கு எங்க அப்பா அத வாங்கிப் படிச்சாரு. 'கூர்ந்த கவனம்'ங்கற வரிய ரெண்டு தடவ படிச்சாரு. மறுநாள் போய் ஃபிரேம் போட்டு, கல்லாவுக்கு மேல மாட்டிட்டாரு. வர்ற கஸ்டமருக்கெல்லாம் காட்டறாரு." அவர் சிரித்தார், முழுதாக இல்லை. "அப்புறம் எப்படி மேடம் சொல்றது?"

அன்று மாலை அலுவலகத்துக்குத் திரும்பி, நீல அட்டைப் பட்டியலில் நாற்பத்திரண்டாவது வரியைச் சேர்த்தேன்: ‘ஒருவர் உங்களிடம் ஏதாவது கேட்டால், பதில் சொல்லும் முன், ஏன் கேட்கிறார் என்று கேட்டீர்களா?’ மற்ற வரிகள் பேனாவில் இருக்கின்றன. இது பென்சிலில் இருக்கிறது. சரியான வரிதானா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. அன்று நான் அப்படிக் கேட்டிருந்தால் அவர் டீசல் என்று சொல்லியிருப்பார். தலைவரிடம் அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது. ஒருவேளை இன்றைக்கு அவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அழிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் அழித்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தேரடிப் பக்கம் போகும்போது அந்தப் பாத்திரக் கடைக்கு முன்னால் கடந்து போவீர்கள். பெரியவர் உங்களைக் கூப்பிட்டு, கல்லாவுக்கு மேலே மாட்டியிருப்பதைக் காட்டுவார். நின்று, முழுதாகப் படியுங்கள். எதுவும் சொல்லாதீர்கள்.